தணிகாசலம் சார் எழுதிய ஆக்ஸிஜன் பரீட்சை

டெக்சாஸில் எங்கள் பிளானோ ஊரில் மளிகை வாங்கப் போனால், முருங்கைக்காய் பொறுக்குகிற இடத்தில் நிறுத்தி வைத்துக் கேட்பார்கள். "பாய், விரல்ல மாட்டுற கிளிப்பே ஆக்ஸிஜன் எவ்வளவுன்னு காட்டிடுது. அதுக்குப் போய் ரூம் சைஸுக்கு ஒரு மெஷினை வெச்சுக்கிட்டு அத்தனை வருஷம் என்னதான் பண்ணிட்டிருந்தீங்க?" கொரோனாவுக்கு அப்புறம் இந்தக் கேள்வி ரொம்ப ஜாஸ்தி. வீட்டுக்கு வீடு ஒரு கிளிப் இருக்கிறது. தொண்ணூற்றெட்டு என்று காட்டிவிட்டால் ஆளாளுக்குப் பாதி டாக்டர் ஆகிவிட்ட நினைப்பு.

கிளிப் சொல்வது ரத்தத்தில் ஏறிய ஆக்ஸிஜனை. ஏறினது எங்கே போய் இறங்கியது என்று அதற்குத் தெரியாது. கழுத்தில் ஒரு கட்டி இருக்கிறது, அதன் நடுவில் ஆக்ஸிஜன் போய்ச் சேருகிறதா இல்லையா? ஊசி குத்திப் பார்க்கலாம், ஆனால் குத்திய இடத்தில் மட்டும்தான் தெரியும். குத்தாமல், வெட்டாமல், ஆள் பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டு படுத்திருக்கும்போதே எம்ஆர்ஐ மெஷினில் அதைப் படமாக எடுப்பதுதான் நான் பார்த்த வேலை. இதை முருங்கைக்காய் பக்கத்தில் நின்று சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் பில் போடப் போயிருப்பார்.

போன மாதம் நான் வேலை பார்த்த சென்டரில் லஞ்சுக்குக் கூப்பிட்டார்கள். நான் ரிட்டயர் ஆனபிறகு புது சாஃப்ட்வேர் வந்திருக்கிறதாம். ஸ்கேன் முடிந்த கையோடு அதுவே கட்டியைக் கண்டுபிடித்து, அதுவே கலர் பூசி, அதுவே மார்க்கும் போட்டுவிடுமாம். பேஷண்ட் பார்க்கிங் லாட்டுக்குப் போவதற்குள் அவர் போனில் மார்க் வந்து நிற்குமாம். மார்க் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குத் தணிகாசலம் சார் ஞாபகம் வந்துவிட்டது. கையிலிருந்த பரிட்டோவைக் கீழே வைத்துவிட்டு அவர் கதையைச் சொன்னேன். பாதிப் பேர் நான் அளக்கிறேன் என்று நினைத்தார்கள். தமிழர்களுக்குச் சொன்னால் நம்புவார்கள் என்றுதான் இங்கே எழுதுகிறேன். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். எழுதலாமா என்று கேட்டதற்கு அவர், "தாராளமா எழுதுங்க பாய், தப்பில்லாம எழுதுங்க" என்றார். வாத்தியார் புத்தி எங்கே போகும்?

என் கதை சின்னது. பல்லாவரத்துக்காரன். ஃபிசிக்ஸ் எம்.எஸ்சி. படித்துவிட்டு ஒரு காலேஜ் லேபில் பசங்களுக்கு எக்ஸ்பெரிமெண்ட் காட்டிக்கொண்டிருந்தேன். என் மனைவி ஃபாத்திமாவுக்கு டல்லாஸில் சாஃப்ட்வேர் வேலை கிடைத்தது. அவள் விசாவில் டிபென்டெண்டாக நான் வந்து இறங்கினேன். மாமனார் வீட்டில் வாயைத் திறந்து யாரும் ஒன்றும் சொல்லவில்லை, எல்லாவற்றையும் பார்வையிலேயே சொல்லிவிட்டார்கள். கிரீன் கார்டு வரும்வரை மகளை டேகேரில் விட்டு, கூட்டி வந்து, சமைத்து, பாத்திரம் கழுவி, அதன்பின் கம்யூனிட்டி காலேஜில் எம்ஆர்ஐ டெக்னாலஜிஸ்ட் படிப்பு. பிறகு சில வருஷம் ஆஸ்பத்திரியில் முழங்கால், முதுகு, மறுபடி முழங்கால். அலுத்துப்போன நேரத்தில் டல்லாஸ் பக்கத்தில் ஒரு ஆராய்ச்சி சென்டரில் ஆள் எடுத்தார்கள். அங்கேதான் டாக்டர் கேரல் இருந்தார்.

டாக்டர் கேரல் மேற்கு டெக்சாஸில் மாட்டுப் பண்ணையில் வளர்ந்த அம்மா. லேப் கோட்டுக்குக் கீழே பூட்ஸ் தெரியும். குரலை உயர்த்த மாட்டார், யாரையும் பாராட்டவும் மாட்டார். "ஓகே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எனக்கு அன்றைக்குப் பெருநாள். அவருக்கு ஒரு பழக்கம். ஸ்கேன் முடிந்து படம் வந்ததும், மேஜையிலிருந்து ஒரு காலி ஃபோல்டரை எடுத்து மானிட்டரில் படம் இருக்கும் பாதியை மூடிவிடுவார். மூடிவிட்டு, "கேடர், மூச்சைக் காட்டு" என்பார். என் பெயர் காதர். அவர் வாயில் கடைசிவரை கேடர்தான்.

மூச்சைக் காட்டுவது என்றால் இதுதான். பேஷண்ட் முகத்தில் ஒரு மாஸ்க் போடுவோம். கொஞ்ச நேரம் சாதாரணக் காற்று, பிறகு சுத்த ஆக்ஸிஜன், மறுபடி காற்று. வால்வைத் திருப்புவது வெளியே கன்ட்ரோல் ரூமிலிருந்து, எப்போது திருப்பினோம் என்று பேஷண்ட்டுக்குச் சொல்ல மாட்டோம். சொன்னால் உடனே ஆழமாக இழுப்பார்கள். மாஸ்க்கிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று வெளியே வந்து, உள்ளே போன ஆக்ஸிஜனையும் வெளியே வந்த கார்பன் டை ஆக்ஸைடையும் கோடு கோடாகப் போட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் கோட்டைப் பார்த்து மூச்சு ஒழுங்கு என்று முடிவானபின்தான் ஃபோல்டர் விலகும். படம் அழகாக இருந்தால் மனசு அதை நம்பிவிடும், பிறகு கோட்டில் என்ன கோளாறு இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது என்பது அவர் கட்சி.

ஆரம்பத்தில் எனக்கு இது வீம்பாகத்தான் பட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மெஷினைச் சரிபார்க்க ஸ்டாஃபே உள்ளே படுப்போம். என் முறை ரமலானில் வந்தது. சுத்த ஆக்ஸிஜன் இழுத்தால் நோன்பு முறியுமா என்று பள்ளிவாசலில் இமாமைப் போய்க் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "மூச்சு விடறதுக்கெல்லாம் என்கிட்ட பர்மிஷன் கேக்காதீங்க, போய்ப் படுங்க" என்றார். படுத்தேன். வெளியே வந்தால் கன்ட்ரோல் ரூமில் எல்லோர் முகமும் ஒரு மாதிரி இருக்கிறது. படத்தில் என் கழுத்து முழுக்க ஆக்ஸிஜனே ஏறவில்லை. நோன்பு வாயோடு, போய்ச் சேர்ந்துவிட்டோம் என்றே நினைத்தேன். டாக்டர் கேரல் வந்து ஃபோல்டரைப் போட்டு மூடி, கோட்டைப் பார்த்தார். ஆக்ஸிஜன் ஏற வேண்டிய இடத்தில் பாதிதான் ஏறியிருந்தது. "உன் படத்தின்படி நீ செத்து ரொம்ப நேரம் ஆச்சு, கேடர். தாடி" என்றார். தாடிக்கும் மாஸ்க்குக்கும் நடுவில் எல்லா ஆக்ஸிஜனும் ஓடிப்போயிருக்கிறது. தாடியை எடுக்கச் சொல்வாரோ என்று பயந்தேன். சொல்லவில்லை. அன்றைக்கே மாஸ்க்கின் விளிம்பில் மெத்தென்று ஜெல் பட்டை வைத்துப் பார்க்க ஆரம்பித்தார். அதற்குப்பின் ஃபோல்டரை நான் கிண்டல் செய்ததில்லை.

இனி தணிகாசலம் சார். அதற்கு முன்னால் படத்தில் நாங்கள் எதைத் தேடினோம் என்று சொல்லிவிடுகிறேன். கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோர் இலையிலும் ஒரு கரண்டி சோறு கூடுதலாகப் போடுகிறார்கள். வயிறு நிறைந்தவன் இலையில் அது அப்படியே மிஞ்சிக் கிடக்கும். பட்டினியாக வந்தவன் இலையில் ஒரு பருக்கை மிஞ்சாது. சுத்த ஆக்ஸிஜன் கொடுக்கும்போது மிஞ்சிக் கிடக்கிற இடம் படத்தில் பளிச்சென்று ஏறும். பட்டினி கிடக்கிற இடம் கிடைத்ததை விழுங்கிவிட்டு இருட்டாகவே இருக்கும். அந்த இருட்டுத் திட்டுதான் எமன். ரேடியேஷன் கேன்சரைக் கொல்ல ஆக்ஸிஜன் துணை வேண்டும். பட்டினித் திட்டில் இருக்கிற செல்கள் சாதாரண டோஸுக்குச் சாகாமல் ஒளிந்துகொள்ளும்.

அப்போது கழுத்துக் கேன்சருக்கு ஒரு ஆய்வு நடந்தது. சிகிச்சைக்கு முன்னால் ஒரு ஸ்கேன், சில வாரம் ரேடியேஷன் கொடுத்தபின் இன்னொன்று. இரண்டாவதில் திட்டு காணாமல் போயிருந்தால் மீதி ரேடியேஷனைக் குறைத்துவிடுவார்கள். திட்டு இருந்தால் முழு டோஸ். டோஸ் குறைந்தால் எச்சில் சுரப்பி பிழைக்கும், விழுங்குவது பிழைக்கும், நாக்கில் ருசி பிழைக்கும். ஆனால் திட்டு இருக்கும்போது தெரியாமல் டோஸைக் குறைத்துவிட்டால் கேன்சர் திரும்பி வந்து ஆளையே கொண்டுபோய்விடும்.

டல்லாஸ் பக்கத்தில் காப்பெல் ஊரில் மகள் வித்யா வீட்டில் இருந்த தணிகாசலம் சார் இந்த ஆய்வில் சேர்ந்தார். குரோம்பேட்டையில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு மேத்ஸ் கோச்சிங் சென்டர் நடத்தியவர். நான் பல்லாவரம் என்றதும், "அட, அடுத்த ஸ்டேஷன்!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். மனைவி தவறியபின் மகளோடு வந்துவிட்டார். சமையல் அவர்தான். வித்யாவும் மருமகனும் ஆபீஸ் விட்டு வரும்போது இங்கே வஞ்சிரம் கொதித்துக்கொண்டிருக்கும். மோதிரத்தையும் பெல்ட்டையும் கழற்றித் தரும்போதுகூட மீன் குழம்பைப் பற்றித்தான் பேசினார்.

முதல் ஸ்கேனில் சாதாரணமாகப் படுத்தார், சாதாரணமாக மூச்சு விட்டார். கட்டியின் நடுவில் இருட்டுத் திட்டு தெளிவாகத் தெரிந்தது. அவருடைய ரேடியேஷன் டாக்டர் அதை அவருக்குக் காட்டி விளக்கினாராம். சார் கேட்டது ஒரே கேள்வி. "அப்போ இந்த டெஸ்ட்ல நான் ஃபெயிலா?"

இரண்டாவது ஸ்கேனுக்கு வந்தபோது கழுத்துத் தோல் கறுத்திருந்தது, ஆள் இளைத்திருந்தார். ஆனால் முகத்தில் ஒரு தெம்பு. பட்டையாகத் திருநீறு வேறு. உள்ளே போனார், அசையவே இல்லை. மூச்சு ரொம்ப மெதுவாக, அலை மாதிரி ஒரே சீராக வந்தது. தூங்கிவிட்டாரோ என்று இன்டர்காமில் கேட்டேன். கையில் இருக்கும் ரப்பர் பந்தை அழுத்தி முழித்திருக்கிறேன் என்று காட்டினார். நானும் மெதுவான மூச்சு என்று குறித்துவைத்தேன். வெளியே வந்ததும், "எப்படி பாய், சென்டமா?" என்றார்.

"ரிசல்ட் டாக்டர்தான் சொல்லணும் சார்."

"சும்மா சொல்லுங்க. நம்ம ஊர்க்காரர்தானே?"

"வாயைத் திறந்தா என் வேலை போயிடும் சார், போய்ட்டு வாங்க" என்று வழியனுப்பினேன்.

படத்தில் திட்டு காணோம். பக்கத்தில் நின்ற ஃபிசிசிஸ்ட் பையன் துள்ளிவிட்டான். டாக்டர் கேரல் வந்தார், ஃபோல்டரைப் போட்டார், "மூச்சைக் காட்டு" என்றார். பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் நடுவில் நீளமான தட்டையான இடைவெளி. வெளியே வந்த கார்பன் டை ஆக்ஸைடு போன தடவையைவிட ஏகத்துக்கும் மேலே.

"ஓய்வாகப் படுத்திருக்கிறவன் இப்படி மூச்சு விட மாட்டான்" என்றார். "வலிக்கு ஏதாவது மாத்திரை ஜாஸ்தியாகப் போடுகிறாரா? அந்த மாத்திரை மூச்சை அமுக்கும். அப்படி இருந்தால் வீட்டில் தூக்கத்திலேயே போய்விடுவார். உடனே வரச் சொல்."

அடுத்த நாளே வித்யா அப்பாவைக் கூட்டி வந்தாள். பாவம், வண்டியை எப்படித்தான் ஓட்டினாளோ, முகத்தில் ரத்தமே இல்லை. டாக்டர் கேரல் நேராக மாத்திரையைப் பற்றிக் கேட்டார். சார் இங்கிலீஷில் கம்பீரமாகப் பதில் சொன்னார். "நோ டாப்லெட்ஸ், மேடம். ஒன்லி பிராக்டிஸ்."

"என்ன பிராக்டிஸ்?"

அவ்வளவுதான், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, செய்தே காட்டிவிட்டார். இழுத்தார். உள்ளே நிறுத்தினார். நிறுத்திக்கொண்டே இருந்தார். சுவர்க் கடிகார முள் நகருகிறது, இவர் விடுகிற பாட்டைக் காணோம். பிறகு சன்னமாக, நூல் நூற்கிற மாதிரி வெளியே விட்டார். பிராணாயாமம்! முதல் ஸ்கேனில் ஃபெயில் என்று மனசில் விழுந்த அன்றிலிருந்து தினம் காலையும் மாலையும், கையில் ஸ்டாப் வாட்ச், விரலில் கிளிப், ஆக்ஸிஜன் டெஸ்டுக்குக் கோச்சிங். தனக்குத் தானே வாத்தியார்.

"அப்பா! என்கிட்டகூடச் சொல்லலையே?" என்றாள் வித்யா.

"சொன்னா நீ கூகுள் பண்ணிட்டு வேண்டாம்ப. டெஸ்ட்னா பிரிப்பேர் பண்ண வேண்டாமா? ப்ரிபரேஷன் இல்லாம யாராவது எக்ஸாம் ஹாலுக்குப் போவாங்களா?"

இப்படி ஒரு தப்பை நம்ம ஊர்க்காரனைத் தவிர உலகத்தில் வேறு எவனும் செய்திருக்க மாட்டான். பல்லு டாக்டரிடம் போவதற்கு முன்னால் பல்லு தேய்க்கிற ஜாதி நாம். கண் டெஸ்டில் எழுத்து தெரியாவிட்டால் ஊகித்துச் சொல்லி மார்க் வாங்கப் பார்க்கிற ஜாதி. எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. மூச்சை நிறுத்தினால் உடம்பில் கார்பன் டை ஆக்ஸைடு ஏறும். அது ஏறினால் ரத்தக்குழாய் விரியும். பந்தியில் பரிமாறுகிறவர்கள் திடீரென்று ஏழெட்டுப் பேர் கூடுதலாக வந்து நின்ற மாதிரி. பட்டினிக்காரன் இலையில்கூடக் கொஞ்சம் மிஞ்சும். இருட்டுத் திட்டு அந்த நேரத்துக்கு மட்டும் மறைந்துவிடும்.

டாக்டர் கேரல் இதைப் படம் போட்டு விளக்கினார். சார் கூர்ந்து கேட்டார். கேட்டுவிட்டு ஒரு நல்ல கேள்வியும் கேட்டார். "அப்போ ரேடியேஷன் கொடுக்கும்போதும் நான் இதே மாதிரி மூச்சு விட்டா திட்டு மறைஞ்சுடும் இல்லையா? கம்மி டோஸ் போதுமே?" டாக்டர் கேரல் யோசித்தார். "நல்ல யோசனை. ஆனால் தினம் தினம், தொண்டைப் புண்ணோடு, அசையாமலிருக்க முகத்தில் மாட்டி இறுக்கும் கூட்டுக்குள் ஒரே அளவாக நீங்கள் அப்படி மூச்சு விட்டீர்கள் என்று எனக்கு யார் உறுதி சொல்வது? ஒரு நாள் தவறினாலும் அந்தத் திட்டுக்கு அன்றைக்கு லீவு. உங்கள் உயிரை வைத்து நான் அந்தப் பந்தயம் கட்ட மாட்டேன்" என்றார். இன்னொரு ஸ்கேன் எடுப்போம், இந்த முறை சாதாரண மூச்சு, நேற்று எடுத்ததைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

வித்யா புது அப்பாயின்மென்ட் வாங்க முன்பக்கம் போனாள். காரிடாரில் சார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாய், அந்தம்மா உங்களை நம்பறாங்க. 'இவர் எப்பவுமே இப்படித்தான் மூச்சு விடுவார், பழக்கம்'னு ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன். நேத்து எடுத்த படமே இருக்கட்டும்."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்துவிட்டது. "சார், பரீட்சை உங்களுக்கு இல்ல. உங்க கழுத்துல இருக்கிற கட்டிக்கு. அது எழுதற பரீட்சைக்கு நீங்க வெளியில நின்னு பிட்டு குடுத்திருக்கீங்க. இப்ப என்னையும் சேர்ந்து பிட்டு குடுக்கச் சொல்றீங்க!"

முப்பது வருஷம் பிட்டு பிடித்த மனுஷன். முகம் சுண்டிப்போய்விட்டது. சொல்லியிருக்க வேண்டாமோ என்று எனக்கே சங்கடமாகிவிட்டது. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நாக்கு செத்துடுமாம் பாய். எதைப் போட்டாலும் மண்ணு மாதிரி இருக்குமாம். அவ அம்மா போனதுக்கு அப்புறம் அந்த வீட்டுல எனக்குன்னு இருக்கறது அந்த அடுப்பு ஒண்ணுதான். உப்பு புளி தெரியலன்னா நான் எதுக்கு அங்க நிக்கணும்? உயிரோட இருந்து என்ன பண்ணப் போறேன்?"

அவர் அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. ஆனால் வித்யா திரும்பி வருவது தெரிந்தது. பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வேறு யோசனையே இல்லை. "அந்தப் பொண்ணுக்கு நீங்க வேணும் சார்" என்று மட்டும் சொன்னேன்.

மூன்றாவது ஸ்கேன்தான் என் சர்வீஸிலேயே கஷ்டமான ஸ்கேன். மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. சாதாரணமாக மூச்சு விடத் தெரியாத ஒரு ஆளைச் சாதாரணமாக மூச்சு விட வைக்க வேண்டும், அதுதான் கஷ்டம். இப்போது அவர் ஏமாற்றவில்லை, உண்மையாகவே முயற்சி பண்ணினார். முயற்சி பண்ணுவதுதான் வினையே. வாரக்கணக்காகப் பழகிய உடம்பு, தானாக எண்ண ஆரம்பித்துவிட்டது. கோடு மறுபடி தட்டையாக நீண்டது. நீங்களும் இப்போது உங்கள் மூச்சை நினைத்துப் பாருங்கள், உடனே அது உங்கள் கைக்கு வந்துவிடும். டாக்டர் கேரல் என் பின்னால் நின்று, "மூச்சு என்ற வார்த்தையையே சொல்லாதே. அவர் நினைப்பை வேறு எங்காவது கொண்டுபோ" என்றார். "எங்கே?" என்றேன். "உங்கள் ஊர் ஆள். உனக்குத்தான் தெரியும்."

இன்டர்காமை எடுத்து, மெஷின் சத்தத்துக்கு நடுவில், தமிழில் பேச ஆரம்பித்தேன். எனக்குத் தோன்றியது சாப்பாடு. பல்லாவரத்தில் என் அம்மா வைக்கிற மீன் குழம்பை மாங்காய் போட்டு வர்ணித்தேன். மூச்சு என்னவோ சரியாகிவிட்டது. ஆனால் மனுஷனுக்கு நாக்கில் ஊற ஆரம்பித்து மடக் மடக்கென்று விழுங்குகிறார். விழுங்கினால் கழுத்து ஆடும், கழுத்து ஆடினால் படம் கலங்கும். எல்லாம் வீண். டாக்டர் கேரல் மானிட்டரைப் பார்த்துவிட்டு, "என்ன சொன்னாய் அவரிடம்?" என்றார். "ஃபிஷ் கறி" என்றேன். "சுவாரசியமே இல்லாத எதையாவது சொல்" என்றார்.

சுவாரசியமே இல்லாதது எது? யோசித்துப் பார்த்தேன். அவர் வீட்டிலிருந்து என் வீட்டுக்கு வழி சொல்ல ஆரம்பித்தேன். "சார், உங்க கம்யூனிட்டிய விட்டு வெளிய வர்றீங்க. டெண்டன் டாப் ரோட்ல லெஃப்ட் எடுக்கறீங்க. சிக்னல் சிவப்பு, நிக்கறீங்க. பச்சை, போறீங்க. ஒன் ட்வென்ட்டி ஒன் டோல்வே போர்டு வருது, ஏர்றீங்க. லூயிஸ்வில் தாண்டறோம். ரைட்ல ஒரு கார் ஷோரூம். அதுக்குப் பக்கத்துல இன்னொரு கார் ஷோரூம்." ஒவ்வொரு சிக்னலிலும் நின்றேன், ஒவ்வொரு எக்ஸிட் பெயரையும் வாசித்தேன். பிளானோவில் லெகசி பக்கம் வருவதற்குள் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. கோட்டைப் பார்த்தேன். சின்னச் சின்னதாக, கொஞ்சம் கோணல்மாணலாக, உலகத்தில் எல்லா மனுஷனும் விடுகிற மூச்சு. நான் பேச்சை நிறுத்தாமலே வால்வைத் திருப்பினேன். ஆக்ஸிஜன் ஏறியது. அவருக்குத் தெரியவே இல்லை.

ஸ்கேன் முடிந்தது. ஃபோல்டர் வந்தது. டாக்டர் கேரல் கோட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்துவிட்டு, "ஓகே" என்றார். நான் அவரிடம் வாங்கிய ஓகேக்களில் எனக்குச் சந்தோஷம் தராத ஒரே ஓகே அது. ஃபோல்டரை எடுத்தார். திட்டு இருந்தது. முன்னைவிடச் சின்னதாகியிருந்தது, ஆனால் கட்டிக்கு நடுவில் இருட்டாக உட்கார்ந்திருந்தது.

முழு டோஸ் என்று முடிவானது. மீதி வாரங்கள் முழுக்க சார் வந்து போனார். ரேடியேஷன் அறைக்குப் போகிற வழி எங்கள் காரிடார்தான். என்னைப் பார்த்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போவார். நான் சலாம் வைப்பேன், பதில் வராது. பிறகு வயிற்றில் குழாய் போட்டு அதன் வழியாகத்தான் சாப்பாடு என்று வித்யா சொன்னாள். "வீட்டுல அப்பா கிச்சன் பக்கமே வர்றதில்ல அங்கிள். நாங்க சாப்பிடறப்ப ரூம் கதவைச் சாத்திக்கறார்" என்றாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஃபாத்திமா போட்ட சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

குறைந்த டோஸே போதுமாக இருந்திருக்குமோ என்று ஒருநாள் டாக்டர் கேரலிடம் கேட்டேன். "இருந்திருக்கலாம். அந்தப் படம் நம்மிடம் இல்லை" என்றார். பிறகு சாருக்கு வயிற்றுக் குழாயை எடுத்தார்கள். அதன்பின் எடுத்த ஒவ்வொரு செக்கப்பிலும் கழுத்து சுத்தமாக இருந்தது. இரண்டு வருஷம் போனது, நான் ரிட்டயர் ஆனேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வித்யாவிடமிருந்து போன். "அங்கிள், அப்பா உங்களை உடனே வீட்டுக்கு வரச் சொல்றார்." பதறிப்போய், என்னம்மா ஆச்சு என்றேன். "ஒண்ணும் ஆகல. குழம்பு வெச்சிருக்கார். உப்பு பாக்கணுமாம். நான் பாத்துச் சொல்றேன்னா ஒத்துக்க மாட்டேங்கறார். நீங்கதான் வரணுமாம்."

போனேன். அதே டோல்வே, அதே கார் ஷோரூம்கள். சார் அடுப்பு முன்னால் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார். குரல் கரகரவென்று கம்மியிருந்தது. பக்கத்தில் பெரிய தண்ணீர் பாட்டில், வாய் காய்ந்துபோகும், அடிக்கடி நனைக்க வேண்டும். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. "என் நாக்கை வாங்கிட்டுப் போனவர் நீங்கதானே? நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்று கரண்டியை நீட்டினார்.

உள்ளங்கையில் ஊற்றி வாயில் வைத்தேன். யா அல்லாஹ்! கடல் தண்ணி தோற்றது. முகத்தைச் சுளிக்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவர் வைத்த கண் எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வித்யா பின்னால் நின்று, சும்மா நல்லா இருக்குன்னு சொல்லிடுங்க என்று கையால் ஜாடை காட்டினாள். நல்லா இருக்கு என்ற வார்த்தை வாய்வரை வந்தது. ஆனால் இந்த மனுஷனிடம் போய்ப் பொய் சொல்ல என்னால் முடியவில்லை.

"சார், உப்பு ரொம்ப ஜாஸ்தி. வாயில வைக்க முடியல."

அவர் முகம் மெல்ல விரிந்தது. திரும்பி மகளைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"உப்பைப் போட்டுப் போட்டுப் பாத்துக்கிட்டே வந்தேன் பாய். கடைசியாப் போட்ட கையிலதான் எனக்கு லேசாத் தெரிஞ்சுது. பிரமையோன்னு பயமா இருந்துச்சு. அதான் உங்களைக் கூப்பிட்டேன்."

வித்யா ஓவென்று அழுதுவிட்டாள். நானே போய் ஒரு தட்டை எடுத்துச் சோற்றைப் போட்டுக்கொண்டு அவர் முன்னால் நீட்டினேன்.

"ஊத்துங்க சார்" என்றேன்.